வீட்டில் வளர்த்த புகையிலை பச்சையாகவே காய்ந்துவிட்டது. சுருட்டில் நெருப்பும் நிற்கவில்லை: உதவி வேண்டும்

வேடசந்தூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாகச் சுருட்டுப் பிடிக்கிறேன். கடைச் சுருட்டின் உள்ளே என்ன இலை இருக்கிறதென்று தெரியாமல் பிடிக்க மனம் ஒப்பாததால், சென்ற கார்த்திகையில் வீட்டுக்குப் பின்னால் 14 நாற்றுகளை நட்டேன். என் மைத்துனர் மெல்லும் புகையிலைக்காக விட்டிருந்த நாற்றங்காலிலிருந்து எடுத்தவை அவை. மொட்டுத் தெரிந்ததும் கொழுந்தைக் கிள்ளி, செடிக்குப் பத்து இலை மட்டும் நிறுத்தி, பக்கச் சிம்புகளை வாரம் ஒருமுறை ஒடித்துவந்தேன். மாசிக் கடைசியில் இலை தடித்துச் சுருக்கம் விழுந்ததும், விடியற்காலையிலேயே அறுத்து, மொட்டைமாடியில் தகரக் கூரைக்கு அடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அன்று முழுவதும் தலைசுற்றலும் வாந்தியுமாக இருந்தது; வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கே நாளில் இலை அப்பளம்போல் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நிறம் மாறவில்லை. பாதிக்கு மேல் பச்சையாகவே நிற்கிறது. சுருட்டிப் பற்றவைத்தால் தொண்டை எரிகிறது, வைக்கோல் கருகிய வாடை வருகிறது, மூன்று இழுப்புக்குள் அணைந்தும் போகிறது. மறுபடியும் நனைத்துக் காயவைத்தால் சரியாகுமா?

உறையூர்க்காரர்:

வணக்கம் ஐயா. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை சுருட்டுச் சுற்றியவர்கள். பச்சை நின்றதற்குக் காரணம் உங்கள் தகரக் கூரைதான். அறுத்த இலை உடனே செத்துவிடுவதில்லை. பல நாள் உயிரோடிருந்து, தன்னிடமுள்ள மாவுச்சத்தைத் தானே தின்று, பச்சையத்தையும் சிதைத்து மஞ்சளாகிறது. அதன் பிறகே பழுப்பேறுகிறது. அந்த வேலை முடியும் முன்னே ஈரத்தை உறிஞ்சிவிட்டால், பச்சை அப்படியே உறைந்துவிடும். மறுபடி நனைத்தாலும் இலைக்கு உயிர் திரும்பாது. ஆகவே முழுப் பச்சையாக நிற்பவற்றைக் கழித்துவிடுங்கள், அவற்றுக்காக வருந்திப் பயனில்லை.

அடுத்த முறை வெயில் படாத, காற்று மெல்ல நடமாடும் அறையில் தொங்கவிடுங்கள். காற்று வறண்டிருந்தால் ஈரச் சாக்கைச் சுற்றிலும் கட்டுங்கள். முதல் பத்து நாள் இலை வாடித் துவண்டு மஞ்சளாக வேண்டுமே தவிர மொடமொடக்கக் கூடாது. நடு நரம்பை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், அதுவரை இறக்கவே வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். நரம்பில் ஈரம் இருக்கும்போதே கட்டி வைத்தால் பூசணம் பூத்துவிடும்.

பழுப்பான இலையும் உடனே பிடிக்க உகந்ததல்ல. மண்டியில் பெரிய அம்பாரமாக அடுக்கும்போது தானே சூடேறிப் புளித்து, மூக்கை அறுக்கும் அம்மோனியா வாடை வெளியேறி, காட்டம் தணியும். 14 செடி இலைக்கு அந்தச் சூடு பிறக்காது. லேசாக ஈரம் தெளித்து, துணியில் சுற்றி, மரப்பெட்டியில் பாரம் ஏற்றி, மாதம் ஒருமுறை பிரித்துப் புரட்டி, ஓராண்டாவது பொறுத்திருப்பதே வழி.

குடகனாற்றுக் கரையார்:

உறையூர் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் நெருப்பு நிற்காததற்குப் பச்சை மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயா, எந்தத் தண்ணீர் பாய்ச்சினீர்கள்? என்ன உரம் போட்டீர்கள்?

வேடசந்தூர் வாசி:

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வாயில் வைத்தால் உவர்ப்பு நன்றாகவே தெரியும். ஆனால் அதே மாதிரித் தண்ணீரில்தான் மைத்துனர் தோட்டத்தில் புகையிலை அருமையாக விளைகிறது. உரம் என்றால் தொழுவுரம், உரக்கடையில் வாங்கிய சிவப்புப் பொட்டாஷ், கொழுந்து கிள்ளிய பிறகு இரண்டு கை யூரியா.

குடகனாற்றுக் கரையார்:

சந்தேகப்பட்டது அப்படியே இருக்கிறது. உவர்த் தண்ணீரில் குளோரைடு அதிகம். புகையிலைச் செடி அதை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். மெல்லும் புகையிலைக்கு அது குறையாகாது, அதனால்தான் நம் பக்கத்து உவர்க் கிணறுகளை நம்பி அந்தப் பயிர் நிற்கிறது. புகைக்கும் இலைக்கோ அதுவே எமன். குளோரைடு ஏறிய இலை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நசநசவென்று இருக்கும், கனல் பரவாது. நீங்கள் போட்ட சிவப்புப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி குளோரின்தான். பொட்டாசியம் கனலை நிறுத்தி வைக்கும் சத்து என்றாலும், கூடவே வரும் குளோரைடு அதைக் கெடுத்துவிடுகிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கடைசியாகப் போட்ட யூரியாவும் இலையை முற்றவிடாமல் பச்சையாக இழுத்துப் பிடித்திருக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் இலையில் நரம்பில்லாத துண்டு ஒன்று, கடைச் சுருட்டைப் பிரித்தெடுத்த துண்டு ஒன்று. சுடர் படாமல் ஊதுபத்தியின் கனலை மட்டும் இரண்டிலும் ஒற்றி எடுத்து, கனல் எத்தனை நொடி ஊர்கிறது என்று எண்ணுங்கள்.

தொண்டை எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழுந்து கிள்ளினால் நிகோடின் ஏறும், அதுவும் மேல் இலைகளில் மிக அதிகமாகச் சேரும். பத்து இலையில் நிறுத்துவது மெல்லுவதற்கான கணக்கு. சுருட்டுக்குக் கூடுதல் இலை விட்டு, நடு இலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா என்ற சிகரெட் புகையிலையின் விதையை யாராவது கொடுத்தால், விதைக்கும் முன் யோசியுங்கள். அந்த ரகத்தைப் பயிரிட 1975-ஆம் ஆண்டின் புகையிலை வாரியச் சட்டப்படி பதிவு வேண்டும்.

செவிலியர் ஒருவர்:

ஐயா, அறுத்த அன்று உங்களுக்கு வந்த தலைசுற்றலும் வாந்தியும் வெயிலால் வந்தவை அல்ல என்றே நினைக்கிறேன். பனி நனைந்த பச்சை இலையைத் தொடும்போது நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். அறுவடைக் கூலிகளிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பனி உலர்ந்த பிறகு, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து அறுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். இலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தக்காளி, மிளகாய்ச் செடிகளையும் தொடாதீர்கள், தேமல் நோய்க் கிருமி கையோடு போய்விடும்.

வீட்டில் விளைந்தது என்பதால் கேடு குறையும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். எந்த இலை எரிந்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். எப்போதாவது விட்டுவிடலாம் என்று தோன்றினால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசுங்கள்.

வேடசந்தூர் வாசி:

அம்மா, எண்ணைக் குறித்துக்கொண்டேன். என் மனைவியும் படித்தாள். நேற்று இரவு சோதனையைச் செய்தேன். கடைச் சுருட்டின் துண்டில் கனல் ஓரம்வரை ஊர்ந்துபோனது, பதினொன்று வரை எண்ணினேன். என் இலையில் ஒன்று, இரண்டு என்பதற்குள் கருத்து அணைந்தது. ஐந்து துண்டிலும் அப்படியே. தொட்டுப் பார்த்தால், மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகும் விரலில் பிசுபிசுக்கிறது. இந்த இலையைக் குழி தோண்டிப் புதைத்துவிடப் போகிறேன். ஐப்பசி மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க, கூரையிலிருந்து தொட்டிக்குக் குழாய் இறக்கும் வேலை நாளை தொடங்குகிறது. அடுத்த முறை ஆறு செடி மட்டுந்தான்.