டுவோலிங்கோ ஸ்ட்ரீக்குக்கு மதிப்பெண்ணா?

கரிச்சான்:
ஸ்பானிஷ் ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் ஒருவர் தன் வருங்கால வகுப்புக்கான தொழில்நுட்பத் திட்டத்தை எழுதியிருக்கிறார். கஹூட்டில் வினாடி வினா, குவிஸ்லெட்டில் சொல் அட்டைகள், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளோடு வீடியோ உரையாடல். எல்லாம் சரி. அப்புறம் ஒரு வரி வருகிறது: மொழி சொல்லித் தரும் ஆப்பான டுவோலிங்கோவில் ஸ்ட்ரீக்கை, அதாவது ஒரு நாளும் விடாமல் பாடம் செய்த நாள் கணக்கை, அறுபடாமல் வைத்திருப்பவருக்குப் பத்து மதிப்பெண். இது படிப்பா, வருகைப் பதிவேடா?

மெய்யெழுத்து:
தினமும் தொட்டால்தான் மொழி ஒட்டும். மறதியைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவிட்டார். ஸ்ட்ரீக் அதற்கு ஒரு தூண்டுதல், அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு இழையா?

பழையபலகை:
எபிங்ஹாஸை ஏன் இழுக்கிறீர்கள்? முடித்த பாடத்தையே திரும்பச் செய்தாலும் ஸ்ட்ரீக் ஏறும். ஒரு நாள் விட்டுப்போனால் ஸ்ட்ரீக் ஃப்ரீஸ் காப்பாற்றும். அதை ஆப்பில் சேர்த்த ஜெம், அதாவது அங்கே செல்லும் நாணயம், கொடுத்து வாங்கலாம். கடையில் வாங்குவதற்கு மதிப்பெண் போடும் ஆசிரியரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மெய்யெழுத்து:
ஃப்ரீஸ் எப்போதாவது ஒரு நாளைக்கு. நான் வருடக்கணக்காக ஸ்ட்ரீக் வைத்திருக்கிறேன். உழைப்பு இல்லாமல் வருமா?

பழையபலகை:
வாழ்த்துகள். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு வகை. முடிந்துபோன செயலுக்கு ஒன்று, வழக்கமாக நடந்ததற்கு இன்னொன்று. "சின்ன வயதில் தினமும் நீந்துவேன், ஒரு நாள் விழுந்தேன்" என்பதை எழுதிக் காட்டுங்கள். ஃப்ரீஸ் போடாமல்.

மெய்யெழுத்து:
நான் தேர்வு எழுத இங்கே வரவில்லை.

சும்மாவந்தவன்:
நெருக்கமானவர்கள் பலரை 'நீங்கள்' என்று அழைக்கும் வோசோத்ரோஸை அந்த ஆப் அதிகம் சொல்லித் தருவதில்லையே, அதை யாரும் கேட்க மாட்டீர்களா?

மெய்யெழுத்து:
அது ஸ்பெயினில்தான் புழக்கம். மெக்சிகோ முதல் சிலி வரை பலரை அழைக்க இன்னொரு 'நீங்கள்' ஆன உஸ்தேதெஸ் போதும்.

சும்மாவந்தவன்:
அப்படியானால் அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்குச் சொல்லும் வோஸ்? டுவோலிங்கோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன் குவாத்தமாலாவில் பிறந்தவர். அங்கேயும் வோஸ் சொல்வார்கள். சொந்த ஊர்ப் பேச்சுக்கே இடமில்லாத ஆப்!

கரிச்சான்:
ஐயா, வோஸுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு ஸ்ட்ரீக்கைப் பற்றி.

நாளை_டீச்சர்:
அந்தத் திட்டத்தை எழுதியது நான்தான். நூறில் பத்துதான் ஸ்ட்ரீக்குக்கு. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள் வீட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம், நான் கேட்டுவிட்டுக் குரலிலேயே திருத்தம் சொல்வேன் என்றும் எழுதியிருந்தேன். நாக்கு உருளும் அந்த 'ர்ர்' ஒலியைத் தனியாகப் பழகத்தான் அது. இதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பழையபலகை:
டீச்சரம்மா, குரல் பதிவு நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள்? நூறில் பத்தோ ஒன்றோ, ஃப்ரீஸ் ஃப்ரீஸ்தான். விடுப்பு எடுத்த பையனுக்கு ஆப் வருகை போடுகிறது, நீங்கள் அதற்கு மதிப்பெண் போடுகிறீர்கள். கஹூட்டில் சீக்கிரம் தட்டுகிறவனுக்குக் கூடுதல் புள்ளி, யோசிக்கிறவனுக்குக் குறைவு. அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

மெய்யெழுத்து:
வராமல் இருப்பீர்களா? கூகுள் டிரான்ஸ்லேட் இழையிலும் இப்படித்தான் ஆக்கிரமித்தீர்கள். கரும்பலகையைத் தாண்டி எது வந்தாலும் உங்களுக்கு ஆகாது.

பழையபலகை:
அந்த இழையில் நான் கேட்டதற்கே நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது இறந்தகாலமும் பாக்கி.

சும்மாவந்தவன்:
வோஸுக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன். கரிச்சான் அங்கே வர வேண்டாம்.

மெய்யெழுத்து:
பழையபலகை ஐயா, அந்த ஆப்பை ஒரு நாளாவது திறந்து பார்த்ததுண்டா?

பழையபலகை:
திறக்காமலா ஃப்ரீஸ் பற்றித் தெரியும்? பேச்சை மாற்றாதீர்கள். வாக்கியம் எங்கே?