எஞ்சின் கட்டியாகிவிட்டது, கையேட்டு அளவுப்படி ஆயில் ஊற்றினால் டிப்ஸ்டிக் மேக்ஸைத் தாண்டுகிறது

பழையவண்டி:
நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். முழுசாகப் பிரித்து ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி), புது ரிங், பேரிங் எல்லாம் போட்டுக் கட்டியாகிவிட்டது. கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர் என்று இருக்கிறது, அதையே அளந்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து சூடேறும் வரை ஓடவிட்டு, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவிப் பார்த்தால் மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் நிற்கிறது. வண்டி சமதளத்தில்தான் இருக்கிறது. பிரஷர் லைட் உடனே அணைகிறது, வித்தியாசமான சத்தம் எதுவும் இல்லை. நான் எதை நம்புவது, கையேட்டையா டிப்ஸ்டிக்கையா?

ஸ்பானர்செட்:
முதலில் டிப்ஸ்டிக்கைச் சரியாகப் படிக்கிறீர்களா என்று பாருங்கள். புதிதாக ஊற்றிய ஆயில் டிப்ஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்து, உருவும்போது மேலே இழுபட்டுப் பொய்யளவு காட்டும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டு காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள், இரண்டு பக்கமும் பார்த்து குறைவாகக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆயில் வெளிர் நிறத்தில் இருக்கும் என்பதால் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் குறிகளுக்கு நடுவில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், தெரியும். அப்படியும் மேலே நின்றால் மேக்ஸ் வரை இறக்கிவிட வேண்டியதுதான், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

கிராங்க்கேஸ்:
யோசிக்க நிறையவே இருக்கிறது, தயவுசெய்து அவசரப்பட்டு இறக்காதீர்கள். கையேட்டில் பெரும்பாலும் போட்டிருப்பது சர்வீஸில் ஆயில் மாற்றும்போது ஊற்றும் அளவு. அப்போது எவ்வளவு வடித்தாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும். பிரித்துக் கழுவிக் கட்டிய எஞ்சினோ காய்ந்து கிடக்கிறது, ஃபில்டர், ஆயில் வழிகள், ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) இருக்கும் பள்ளங்கள் என்று எல்லாம் நிரம்பியாக வேண்டும். ஆக, அதே 3.5 லிட்டரை ஊற்றினால் உங்களுக்கு மேக்ஸுக்குச் சற்றுக் கீழேதான் நின்றிருக்க வேண்டும். மேலே நிற்கிறது என்றால் டிப்ஸ்டிக், அதன் குழாய், சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இந்த மூன்றில் ஏதோ ஒன்று பழைய ஆள் இல்லை. எது மாறியது?

பழையவண்டி:
காலையிலும் பார்த்தேன், அதே அளவுதான். டிப்ஸ்டிக்கும் குழாயும் பழையவைதான், குழாயைக் கழற்றவே இல்லை. சம்ப் மட்டும் வேறு, பழையது நசுங்கிப்போனதால் அதே எஞ்சின் குடும்பத்தில் வந்த வேறொரு மாடலின் சம்ப்பை மெக்கானிக் வாங்கிப் போட்டார். போல்ட் துளையெல்லாம் பொருந்தியது.

கிராங்க்கேஸ்:
அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. டிப்ஸ்டிக்குக்கு லிட்டர் கணக்கு தெரியாது, பிளாக்கிலிருந்து ஆயில் மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. லிட்டர் கணக்கு சம்ப்பின் வடிவத்தைப் பொறுத்தது. உங்கள் விஷயத்தில் ஸ்டிக்கும் குழாயும் மாறவில்லை, அதனால் ஸ்டிக் சொல்வதுதான் நிஜம்: புது சம்ப் கொள்ளளவு குறைந்தது, ஆயில் உண்மையிலேயே அதிகம். இதுவே சம்ப் பழையதாக இருந்து ஸ்டிக்கோ குழாயோ மாறியிருந்தால் நேர் எதிராகச் சொல்லியிருப்பேன், லிட்டர் கணக்கை நம்பி ஊற்றிவிட்டு ஸ்டிக்கில் புதுக்கோடு கீறிக்கொள்ளுங்கள் என்று. குழாய் முழுசாக இறங்காமல் உயரமாக நின்றால் ஸ்டிக் குறைவாகக் காட்டும், நாமும் ஊற்றிக்கொண்டே போவோம், அது வேறு கதை.

இந்த மட்டத்தில் ஓட்ட வேண்டாம். கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) எதிரெடைகள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், பம்ப் காற்றோடு சேர்த்து உறிஞ்சும், பிரஷர் இறங்கும், புது பேரிங்குக்கு அதுதான் ஆபத்து. சீல் வழியாகக் கசிவதும் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) வழியாக இன்டேக்குக்குப் போய்ப் புகைவதும் அப்புறம்.

ஆனால் மேக்ஸுக்கு இறக்கியதோடு வேலை முடியவில்லை. ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் முழுசாக வடித்துவிட்டு சம்ப்பைக் கழற்றுங்கள். ஸ்ட்ரெய்னரின் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் முனையில் உள்ள சல்லடை) வாயில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, கேஸ்கெட்டோடு சம்ப்பைப் பொருத்திக் கழற்றிப் பார்த்தால் சம்ப்பின் தரைக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் உள்ள இடைவெளி அந்தக் களிமண்ணின் கனத்தில் தெரிந்துவிடும். பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. தரையை ஒட்டி இருந்தால் பம்ப் பட்டினி கிடக்கும், ரொம்ப மேலே இருந்தால் திருப்பத்திலும் ஏற்றத்திலும் காற்றை உறிஞ்சும். களிமண்ணைத் துளிகூட விடாமல் துடைத்துவிடுங்கள், அது உள்ளே போனால் இத்தனை வேலையும் வீண். அப்படியே டிப்ஸ்டிக்கைச் செருகி, மேக்ஸ் குறி கிராங்க்கின் மிகத் தாழ்ந்த புள்ளிக்குக் கீழே இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையவண்டி:
இன்று கழற்றியாகிவிட்டது. பின்பக்கக் குழி இரண்டு சம்ப்பிலும் ஒரே ஆழம், ஸ்ட்ரெய்னர் இடைவெளி 8 மில்லிமீட்டர் வருகிறது. முன்பக்கத் தட்டையான பகுதிதான் புதியதில் மேடாக இருக்கிறது. மேக்ஸ் குறி கிராங்க்குக்கு நன்றாகக் கீழேதான். திரும்ப மாட்டி மேக்ஸ் வரை ஊற்றியதில் 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடித்தது.

ஸ்பானர்செட்:
ஃபில்டர் ஏற்கனவே நிரம்பியிருந்ததை மறக்காதீர்கள். அடுத்த முறை ஃபில்டரோடு மாற்றும்போது எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் இந்த எஞ்சினின் அளவு, அதை பானட்டுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்து கை வைக்கிறவர் கையேட்டைப் பார்த்து 3.5 ஊற்றிவிடுவார்.

வால்வுக்கவர்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புது ரிங் சிலிண்டர் சுவரோடு படியும் வரை ஆயில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், தினமும் காலையில் பாருங்கள், குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் ஊற்றாமலே மட்டம் ஏறினால் வண்டியை எடுக்காதீர்கள். ஸ்டிக்கை முகர்ந்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள், கூலன்ட் குறைகிறதா, ஆயில் வெளுத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் என்றால் கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ, கூலன்ட் என்றால் முதலில் ஹெட் கேஸ்கெட்.