பன்னஸ் என்பதற்குப் 'படர்திசு'

வணக்கம்.

முடக்குவாதம் பாதத்தையும் கணுக்காலையும் எவ்வாறு தாக்குகிறது என்பதை நோயாளிகளுக்காக எழுதிக்கொண்டிருக்கையில், மூட்டுக்குள் அழற்சியால் பெருகும் திசுவைக் குறிக்கும் பன்னஸ் (pannus) என்னும் மருத்துவச் சொல்லுக்குத் தமிழ் தேடி நின்றுவிட்டேன். இலத்தீனில் அது துணியைக் குறிப்பதால் 'துணித்திசு' என்று கலைச்சொற்களை ஆயும் இக்குழுவில் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். மற்றொருவர் 'அரிதிசு' என்றார். நான் 'படர்திசு' என்பதை முன்வைக்கிறேன்.

மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு அழற்சியால் தடித்துப் பெருகி, குருத்தெலும்பின் மேல் ஊர்ந்து, அதனையும் ஓரத்து எலும்பையும் அரிக்கிறது. அவ்வாறு பெருகிய திசுவே பன்னஸ். பாதத்தில் அது பெரும்பாலும் விரல்களின் அடிமூட்டுகளில் தொடங்குகிறது. எலும்பு அரிக்கப்பட்டிருப்பது பல வேளைகளில் சுண்டுவிரலின் அடிமூட்டில்தான் எக்ஸ்ரேயில் முதலில் தென்படும். மூட்டைத் தாங்கும் நார்கள் தளர்ந்ததும் விரல்கள் மேல்நோக்கி எழ, உள்ளங்காலுக்கு மெத்தையாக இருந்த கொழுப்புத் திண்டு முன்னே நழுவ, எலும்பு முனைகள் தரையில் அழுந்துகின்றன. கூழாங்கல்லின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். கணுக்கால் மூட்டு பொதுவாகப் பின்னரே பாதிக்கப்படும். அதற்குக் கீழுள்ள மூட்டு கெட்டு, உட்புறத் தசைநாணும் நலிந்தால், பாதத்தின் வளைவு சரிந்து குதிகால் வெளிப்புறமாகச் சாய்கிறது.

'துணித்திசு' இவற்றில் எதையும் உணர்த்தவில்லை. 'அரிதிசு' செயலைச் சொல்கிறது, ஆனால் நோயாளியின் காதில் அரிப்பு என்பது தோலின் நமைச்சலாகவே விழும். மேலும், டிரக்கோமா என்னும் கண்நோயில் இரத்தக்குழாய்களோடு கருவிழியின் மேல் பரவும் திசுவுக்கும் பன்னஸ் என்றே பெயர். இரண்டு இடங்களுக்கும் பொதுவானது படர்தலே. படர்தாமரை என்னும் சொல்லால், நோய் படரும் என்பது நமக்கு முன்பே பழகியிருக்கிறது.

'படர்திசு' வினைத்தொகை, ஆகவே 'படர்த்திசு' என்று வல்லினம் மிகுத்து எழுதலாகாது. படர்ந்த, படர்கின்ற, படரும் என முக்காலமும் அதில் அடங்குவதால், மருந்தால் அடங்கிய நிலைக்கும் சொல் பொருந்தும். வலி குறைந்திருக்கும் நாள்களிலும் உள்ளே அழற்சி நீடித்துப் படரக்கூடும் என்பதை நோயாளி இந்தப் பெயரிலிருந்தே உணர வேண்டும் என்பதே என் பெருவிருப்பம்.

திசுவை இழையம் என்று எழுதும் ஈழத்து நண்பர்களுக்குப் 'படரிழையம்' ஏற்புடையதா என்று அறிய விரும்புகிறேன்.