ஸ்பானிஷ் ஒப்பந்தத்தில் ஃபியான்சா, அர்ராஸ்: ஆங்கிலத்தில் என்ன போடலாம்?

ஆம்பூர் வாசு: ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு ஸ்பெயினிலிருந்து வந்த ஒப்பந்தம். ஃபியான்சாவுக்கு அகராதி 'பெயில்' என்கிறது. கிடங்கு வாடகைப் பகுதியில் இருக்கிறது. எந்திர விற்பனைப் பகுதியில் அர்ராஸ், அதாவது வாங்குபவர் முன்கூட்டியே தரும் பணம். என்ன போடலாம்?

காட்பாடி செல்வி: பெயில் கிரிமினல் வழக்குக்குத்தான் சார். வாடகை என்றால் 'செக்யூரிட்டி டெபாசிட்'. மூன்றாம் ஆள் கடனுக்குப் பொறுப்பேற்றால் மட்டும் 'ஷூரிட்டிஷிப்'. அங்கே 'சொலிதாரியா' என்று சேர்ந்திருந்தால், கடன்காரரை விட்டு ஜாமீன்தாரரிடமே நேராக முழுத்தொகையும் கேட்கலாம். அந்த ஒரு சொல்லை விட்டால் பொறுப்பே மாறிவிடும்.

குடியாத்தம் மணி: அர்ராஸை வெறும் அட்வான்ஸ் ஆக்கிவிடாதீங்க. 'பெனிதென்சியாலெஸ்' என்றிருந்தால் ஸ்பெயின் சிவில் சட்டம் 1454ஆம் பிரிவு: வாங்குபவர் பின்வாங்கினால் பணம் போச்சு, விற்பவர் என்றால் இரட்டிப்பாகத் தரணும். 'கன்ஃபிர்மத்தோரியாஸ்' என்றால் விலகும் உரிமை கிடையாது, அது விலையில் ஒரு பகுதி. ஸ்பானிஷ் சொல்லை அப்படியே வைத்து அடிக்குறிப்பில் விளக்குங்க.