புதுப்பிப்பு: தங்கச்சி குடும்பத்தின் சைப்பிரஸ் பயணம்

பிரித்தானிய இராணுவத்தில் இருக்கும் தங்கச்சியின் கணவருக்குச் சைப்பிரசுக்கு மாற்றம் வந்திருக்கிறது, இரண்டு பிள்ளைகளோடு எப்படிச் சமாளிப்பாளோ என்று கிளிநொச்சியிலிருந்து போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது திகதி உறுதியாகிவிட்டது. இடம் டெகேலியா, 1960இல் சைப்பிரஸ் சுதந்திரம் பெற்றபோது பிரித்தானியா தன்னிடமே வைத்துக்கொண்ட இரண்டு தளப் பகுதிகளில் ஒன்று. அங்கேயும் மூன்று முள் பிளக்தான், அதனால் அவளுடைய கிரைண்டரும் பெட்டியில் ஏறிவிட்டது. சின்னவன்தான் பாவம், சைக்கிளைக் கட்டவிடாமல் அதன் மேலேயே ஏறி இருந்தானாம். அதைக் கேட்டு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அப்புறம் எழும்பிப் போய் அவர்களுக்கு அனுப்பவென்று முற்றத்தில் பாயை விரித்து மிளகாய் காயப்போட்டார். கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம், இனிப் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளக்கு வைக்க முன்னமே அம்மம்மாவோடு கதைக்கலாம்.