ஒரே துவையலில் உருண்டுபோன குழந்தை மெத்தை: அடுத்ததை எப்படித் தைப்பது?

காட்பாடி தையல் கேட்கிறார்:

காட்பாடியில் வீட்டு முன்னறையில் 14 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஜாக்கெட்டில் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்கூட மறுவாரமே அடுத்த துணியோடு வந்துவிடுவார்கள். குழந்தை மெத்தையில்தான் மூக்குடைபட்டேன்.

போன ஐப்பசியில் தெருக்கோடி வீட்டுப் பெண் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இதுபோல என் மகனுக்கு ஒன்று வேண்டும்" என்றாள். வண்ண வண்ணச் சதுரங்களை இணைத்துத் தைத்த மெத்தை. 'பேபி குவில்ட்' என்று பெயராம். எங்கள் பாட்டி பழம்புடவைகளை அடுக்கித் தைத்துப் போட்டதற்குத்தான் இப்போது கொஞ்சம் அலங்காரம் சேர்ந்திருக்கிறது. இதென்ன பெரிய வித்தை என்று ஒப்புக்கொண்டேன். வெட்டுத்துணிதான் மூட்டையாகக் கிடக்கிறதே. 36 அங்குலச் சதுரம், உள்ளே நல்ல இலவம்பஞ்சு, நெடுக்கிலும் குறுக்கிலும் 9 அங்குலத்துக்கு ஒரு தையல். தைத்து முடித்தபோது கொடுக்கவே மனம் வரவில்லை, அவ்வளவு அழகு.

துவைக்கும் இயந்திரத்தில் ஒரே ஒரு முறைதான் போட்டார்கள். 16 கட்டங்களிலும் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிச் சுருண்டு, கொழுக்கட்டையை உள்ளே வைத்துத் தைத்தது போல் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு ஒரு மெரூன் துணி சாயம் விட்டு, பக்கத்து வெள்ளைச் சதுரங்களெல்லாம் வெற்றிலைச் சாறு தெறித்தது போல் இருந்தன. அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. "பரவாயில்லை அக்கா" என்றாள். வாங்கிய 900 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் அந்தத் தெருவழியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது இரண்டாவது ஆர்டர். ஆரணியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஓர் அம்மா. மகளுக்குச் சித்திரையில் பிரசவம். போன வருடம் தவறிப்போன தன் அப்பாவின் நாலு முழ வேட்டிகள் மூன்று, கட்டாத குடியாத்தம் கைலி ஒன்று, தன் கல்யாணத்து ஆரணிப் பட்டு ஆகியவற்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாம் சேர்ந்து ஒரே மெத்தை வேண்டுமாம். இந்த முறை பிழை செய்ய முடியாது. கெட்டால் வேறு வேட்டி வாங்கி ஈடுகட்ட வழியில்லை.

உள்ளே என்ன வைப்பது? பட்டைச் சேர்க்கலாமா? எவ்வளவு வாங்குவது? முதல் மெத்தைக்கு 19 மணி நேரம் ஆனது. லைனிங் ஜாக்கெட்டுக்கு நான் வாங்குவது 350 ரூபாய். இன்னொன்று: ஒரு வேட்டியின் மூலையில் சலவைக்குப் போட்ட மைக்குறி அழியாமல் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிடவா?

குடியாத்தம் தறிவீடு:

பெண்ணே, இலவம்பஞ்சு தலையணைக்கு. துவைக்கிற சாமானுக்கு அதை யார் வைக்கச் சொன்னது? அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் இருப்பதால் தண்ணீரும் ஒட்டாது. அந்தக் குணத்துக்காகத்தான் ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு உடைகளில் அதை அடைத்தார்கள். 9 அங்குலக் கட்டத்துக்குள் விட்டால் ஓடாமல் என்ன செய்யும்?

சித்திரையில் பிறக்கிற பிள்ளைக்குப் பஞ்சே வேண்டாம். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது பஞ்சு மெத்தையில் போட்டால் முதுகெல்லாம் வேர்க்குருதான். வேட்டியையே அடுக்காக வை. நாலு முழ வேட்டி ஒன்றை நடுவே கிழித்தால் ஏறக்குறைய 39 அங்குலத்தில் இரண்டு துண்டு வரும். இரண்டு வேட்டியில் நான்கு அடுக்கு. மூன்றாவதில் பாதி அடித்துணி, மீதியில் சதுரம். சித்தூர்ப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள் இதைத்தான் 'பொந்த' என்பார்கள். ஒரு விரற்கடை இடைவெளியில் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போ. மூத்திரம் பட்டு நாளுக்கு இரண்டு முறை அலசினாலும் ஒரு நூல் நகராது, வெயிலில் சீக்கிரம் காயும்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வேட்டியையும் சன்னலுக்கு எதிரே விரித்துப் பிடி. உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். அந்த இடத்தை உள் அடுக்குக்குத் தள்ளு, மேலே வராமல் பார்த்துக்கொள். கைலி புதிது என்கிறாய். அதில் கஞ்சி இருக்கும், இன்னும் சுருங்கவும் செய்யும். வேட்டியோ சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. இரண்டையும் அப்படியே சேர்த்தால் முதல் அலசலில் கைலி இழுத்து வேட்டி கொசுவிக்கொள்ளும். கைலியை ஓரிரவு ஊறப்போட்டு, இரண்டு தரம் துவைத்து, காயவைத்துப் பிறகு கத்தரியை எடு. சாயம் பார்க்க, ஈரக் கைலித் துண்டை வெள்ளைத் துணியோடு சுருட்டி அம்மிக்கல்லுக்கு அடியில் ராத்திரி முழுக்க வை. காலையில் வெள்ளை வெள்ளையாக இருந்தால் சரி. நாங்கள் நெய்ததே ஆனாலும் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

ஆம்பூர் ஊசி:

அக்கா, நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவன். (2019-இல் மாவட்டம் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. ஆனாலும் ஊர் கேட்டால் வேலூர் பக்கம் என்றுதான் வாயில் வருகிறது.) அடுக்கடுக்காகத் தைப்பதுதான் என் பிழைப்பு, அதனால் மெஷின் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கையால் தைக்க நேரமில்லாமல் மெஷினில் போட்டால், அடித்துணியைப் பல்சக்கரம் இழுக்கும், மேல்துணியைப் பாதம் பிடித்து நிறுத்தும். கடைசி ஓரத்துக்கு வரும்போது மேலே அரை அங்குலம் மிஞ்சி மடிப்பு விழும். பாத அழுத்தத் திருகைத் தளர்த்துங்கள். ஊசி 14 அல்லது 16 எண். ஜாக்கெட்டுக்குப் போடும் 11 வளைந்து ஒடியும். தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். அதற்கும் முன்னால், தரையில் அடுக்கை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இறுக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுவிடுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும், பிறகு எந்த இஸ்திரியும் எடுக்காது.

5 அங்குலமாக 64 சதுரம் வெட்டினால், கால் அங்குலத் தையல் இரண்டு பக்கமும் போக நாலரை நிற்கும். வரிசைக்கு எட்டு, சரியாக 36.

விலைக்கு வருவோம். ஒரு லைனிங் ஜாக்கெட் இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் 19 மணி நேரத்தில் ஏழரை ஜாக்கெட் முடித்திருப்பீர்கள். 2,600 ரூபாய்க்கு மேல் வருகிறது. நீங்கள் 900 வாங்கியதைப் படித்ததும் எனக்கே கோபம் வந்தது. "துணி நான்தானே கொடுத்தேன்" என்று பேரம் பேசுவார்கள். துணிக்கு நீங்கள் காசு கேட்கவில்லையே.

பழைய வார்டு செவிலி:

36 வருடம் குழந்தைகள் வார்டில் இருந்து ஓய்வுபெற்றவள். எல்லாரும் தையலைப் பேசிவிட்டீர்கள், நான் பிள்ளையைப் பேசுகிறேன்.

ஒரு வயது ஆகும்வரை தூங்குகிற குழந்தைமேல் இதைப் போர்த்தக் கூடாது, பக்கத்தில் சுருட்டியும் வைக்கக் கூடாது. முகத்தில் விழுந்தால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் முதல் வருடத்தில் போர்வை, தலையணை போன்ற மெத்தென்ற எதையும் படுக்கையில் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பிள்ளை விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிடுவதற்குத்தான் இது. கொடுக்கும்போது அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் தைக்காதீர்கள், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

பட்டு வேண்டவே வேண்டாம். சரிகை பிள்ளைத் தோலைக் கீறும். தினம் துவைத்தால் 25 வருடப் பட்டு எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பட்டில், மெத்தையை மடித்துப் போட்டு வைக்க ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுங்கள். அவர் ஆசையும் நிறைவேறும், பிள்ளைக்கும் தொந்தரவில்லை.

காட்பாடி தையல்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக இதே வேலைதான், அதனால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அம்மிக்கல் சோதனையில் கைலியின் நீலம் தப்பியது, சிவப்புக் கோடு தப்பவில்லை. வெள்ளைத் துணியில் பென்சில் கோடு மாதிரி ஓர் இளஞ்சிவப்பு. தறிவீட்டு அம்மா சொல்லியிருக்காவிட்டால் தாத்தாவின் வேட்டி முழுக்க அது ஏறியிருக்கும். நான்கு முறை துவைத்தும் நிற்காததால் சிவப்பை விலக்கி, நீலக் கட்டம் வரும் பக்கமாகவே 32 சதுரம் வெட்டினேன். மீதி 32 வேட்டி. ஓரப்பட்டிக்கும் அதே நீலம்தான். சுற்றளவு 144 அங்குலம், மூலை திரும்பவும் முடிச்சுக்கும் 10 அங்குலம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.

சதுரங்களை மெஷினில் இணைத்தேன். அடுக்கைக் கையால்தான் தைக்கிறேன். ஆறு அடுக்கு என்றாலும் பழைய வேட்டி ஊசிக்கு வெண்ணெயாக வழிவிடுகிறது. ஒரு நாள் ராத்திரி தம்பி சொன்ன மெஷின் வழியையும் ஓரத்துணியில் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் இந்த மெத்தைக்கு எனக்குக் கை வேலைதான் பிடித்திருக்கிறது, கேட்காதீர்கள்.

பட்டுப் பை யோசனையைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. சரிகையை அவர் கன்னத்திலேயே லேசாகத் தேய்த்துக் காட்டினேன். "பையே தை" என்றார். 2,800 ரூபாய் என்றேன், குரல் கொஞ்சம் நடுங்கியது. 2,500 என்றார். வாயைத் திறக்காமல் கைலியை மடித்துக்கொண்டிருந்தேன். "சரி, 2,800" என்றார்.

அந்த மைக்குறியை வெட்டவா என்று அவரிடமே கேட்டேன். மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். வேட்டியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை சலவை மூட்டை வந்ததும், இந்தக் குறியைத் தேடித் தேடி அப்பா வேட்டியைத் தனியாக எடுத்து அடுக்குவது அவர் வேலையாம். அந்தத் துண்டை மேல்வரிசையில் இடதுகோடிச் சதுரமாக வைத்திருக்கிறேன். அதன்மேல் மட்டும் தையல் ஓடவில்லை, சுற்றி விளிம்போடு போகிறது.