பாண்டிச்சேரி வெள்ளை நகரத்தில் ஒரு காலைப்பொழுது: வழி சொல்லுங்களேன்

வணக்கம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போகிறேன். கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி மட்டும்தான் திட்டம். ஆரோவில் எல்லாம் இந்த முறை இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, பத்து நிமிடம் நடந்தால் உட்கார வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்.

காலையில் துய்மா வீதியில் உள்ள தூய தேவதைகளின் அன்னை ஆலயம், 1855இல் கட்டி முடித்தது. அங்கே பிரெஞ்சிலும் பூசை நடக்கும் என்பதால் அம்மாவுக்கு ஒரே ஆவல். இப்போது ஞாயிறு பிரெஞ்சுப் பூசை எத்தனை மணிக்கு? படியேறாமல் உள்ளே போக வழி உண்டா? எதிரில் உள்ள ஜோன் ஆஃப் ஆர்க் சிலையையும் பார்த்துவிடலாம்.

அப்புறம் பாரதி பூங்கா. நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்துக்காகவே போகலாம். ஊர் குளம் வெட்டத் தன் மாளிகையையே இடித்துக் கொடுத்த தாசி ஆயியின் பெயரால் பிரெஞ்சுக்காரர்களே எழுப்பிய மண்டபம், சும்மாவா! பூங்காவில் நிழலான பெஞ்சுகள் காலி இருக்குமா, ஞாயிறு என்றால் கூட்டம் அள்ளுமா? ஆலயத்திலிருந்து பூங்காவுக்கு ஆட்டோ வருவார்களா, இவ்வளவு கிட்டே என்று மறுப்பார்களா? சைக்கிள் ரிக்‌ஷா இன்னும் ஓடினால் இன்னும் நல்லது.

காரை எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுங்கள். சமீபத்தில் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.